கை தெரியும் பலகை: ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையை முன்வைத்து

நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளின் வரலாற்றை, சமைக்கும் கையை மறைத்ததன் வரலாறாகவே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. ‘பிராமணாள்’ என்று ஹோட்டல் வாசலில் மாட்டியிருந்த பலகை சொன்னது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே, உங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில், மாவைத் தொடுகிற கை இன்னாருடையது. கை தெரியாது, பலகை தெரியும். கைக்குப் பதிலாகப் பலகை. குறியியலின் முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணர்க்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம் என்றிருந்தது 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்தது. அதை ஒரு சொல்லை அழிக்கும் போராட்டமாக மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். சொல் போன பிறகும் சுவர் நின்றது. டிபன் கடையின் அடுக்களை இன்றைக்கும் பின்கட்டில்தான். சரக்கு மாஸ்டரின் முகம் வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாது.

இதற்கு நேர் எதிராகத் தெருவில் நிற்பவர் பரோட்டா மாஸ்டர். கல் வெளியே, கை வெளியே, வியர்வையும் வெளியே. பிரியாணி அண்டா வாசலில் திறந்திருக்கும். கறிக்கடையில் கத்தியை விரலிடுக்கில் பிடித்து அறுப்பது ரோட்டில் போகிறவனுக்கெல்லாம் தெரியும். ஆக உள்/வெளி, மறைவு/காட்சி என்ற இருமை எதிர்வு நம்மிடையே சைவம்/அசைவம் என்ற எதிர்வின் மீது கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. சுத்தமான கை மறைந்திருக்கும், மறைந்திருப்பதாலேயே சுத்தமாகும். தெரிகிற கை தெருவுக்குரியது, கீழானது.

இந்தப் பின்னணியோடு ஒருவன் ஜப்பானிய சுஷி கவுண்டரின் முன் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அங்கே கை மறைக்கப்படுவதில்லை. கைதான் காட்சி. அதற்குத்தான் காசு.

கடை பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம், ஒரு தங்கும் விடுதியின் தரைத்தளத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஒருபுறம் எட்டுப் பேர் வரிசையாக உட்காரும் நீளமான மரப்பலகை. இன்னொருபுறம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கரியடுப்பு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு வந்துபோகும் ஜப்பானியப் பொறியாளர்களை நம்பித் தொடங்கியது. ஒரு காலத்தில் சென்னையில் ஜப்பானியச் சாப்பாடு என்றால் நுங்கம்பாக்கம் காவேரி காம்ப்ளக்ஸ் ‘டாலியா’ மாதிரி ஒன்றிரண்டு பெயர்கள்தான் பேச்சில் அடிபடும். 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறந்ததும், அதைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள் முளைத்ததும், நகரத்தின் மேற்கு வாசலில் இந்தச் சாப்பாட்டைச் சாத்தியமாக்கின. மூலதனம் தன் வயிற்றையும் கூடவே எடுத்துக்கொண்டு வரும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் பட்லரோடு வந்ததைப் போலத்தான்.

நான் தனியாகப் போகவில்லை. அக்கா வீட்டுக்காரரோடு போனேன். மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருஷம் பிரெஸ் ஆபரேட்டராக இருந்தவர். ஓய்வுபெற்றபின் வந்த முதல் பிறந்தநாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டபோது, “ஜப்பான்காரன் சாப்பாடுன்னா என்னன்னு ஒரு தடவ பாத்துடணும் மாப்ள. இருபது வருஷம் அவன் பேரச் சொல்லியே உயிர வாங்கினானுங்க” என்றார். இந்தக் கட்டுரை எழுதப்பட்டதற்கு அந்த வாக்கியம்தான் காரணம்.

மாமா போனது அந்தக் கோபத்தோடு. நான் போனது ரொலாண் பார்த்தோடு. (தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைப் பக்கம் எட்டிப் பார்த்த யாருக்கும் அந்தப் பெயரை உதிர்க்காமல் பத்தி நகராது. எனக்கு இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.) 1970இல் வெளிவந்த ‘குறிகளின் பேரரசு’ என்ற நூலில் பார்த் ஜப்பானியச் சாப்பாட்டுக்குப் பல பக்கங்கள் ஒதுக்குகிறார். அந்தச் சாப்பாட்டுக்கு மையமில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. மேற்கத்தியச் சாப்பாட்டில் முதலாவது, இரண்டாவது, கடைசி என்று ஒழுங்கு உண்டு; நடுவில் ஒரு பெரிய மாமிசத்துண்டு அரசன் மாதிரி கிடக்கும். ஜப்பானியத் தட்டில் எல்லாம் துண்டுகள். எதிலிருந்தும் தொடங்கலாம், எங்கும் திரும்பலாம். முள்கரண்டி குத்துகிறது, கத்தி அறுக்கிறது. குச்சிகளோ தாயின் விரல்களைப் போலப் பொருளைத் தூக்கி இடம் மாற்றுகின்றன, வன்முறை இல்லை. சமையல்காரன் நம் கண்முன்னே சமைக்கிறான், அவன் செய்கையே ஓர் எழுத்து. அவர் வாதத்தின் சாரம் இவ்வளவுதான்.

அழகான வாசிப்பு, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் மீனின் கழுத்தை முதலில் யாரோ ஒருவர் அறுத்திருந்தால்தான் குச்சி மென்மையாக இருக்க முடியும். வன்முறை காணாமல் போகவில்லை. பலகையின் மறுபக்கத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பார்த் சமையல்காரனின் கையை அவ்வளவு நேரம் பார்க்கிறார். அந்தக் கை யாருடையது, மாதம் எவ்வளவு வாங்குகிறது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. தான் எழுதுவது உண்மையான ஜப்பானைப் பற்றியல்ல, ‘ஜப்பான்’ என்று தானே பெயரிட்டுக்கொண்ட ஓர் அமைப்பைப் பற்றி என்று தொடக்கத்திலேயே சொல்லித் தப்பித்தும் கொள்கிறார். பூந்தமல்லியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தத் தப்பிப்பு கிடையாது. இங்கே ஜப்பான் என்பது வெறும் குறி அல்ல. அது சம்பளச் சீட்டிலும் ஷிப்டு மணியிலும் எழுதப்பட்டிருந்தது.

எப்படி என்று சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூர், பாடி பகுதித் தொழிற்சாலைகளின் சுவர்களில் திடீரென்று ஜப்பானியச் சொற்கள் முளைத்தன. ஸெய்ரி, ஸெய்ட்டோன், ஸெய்ஸோ, ஸெய்கெட்ஸு, ஷிட்ஸுகே. ‘ஃபைவ் எஸ்’ என்பார்கள். வேண்டாததைக் கழி, வேண்டியதை இடத்தில் வை, சுத்தம் செய், அதை விதியாக்கு, விதியைப் பழக்கமாக்கு. கூடவே கைசன், கான்பான், போகா-யோகே. 1951இல் ஜப்பானில் நிறுவப்பட்ட டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதன்முதலாக 1998இல் வாங்கியது பாடியிலிருக்கும் சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு. அதற்குப் பிறகு பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் அனுப்பும் சின்னச் சின்னப் பட்டறைகளுக்கும் இந்தச் சொற்கள் வேதமாகின. சுசுமு ஓனோ என்ற அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று நெல் சாகுபடிச் சொற்களை அடுக்கிக் காட்டியபோது நம் தமிழ்த்துறைகள் பூரித்துப்போயின. மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் ஒரு தமிழ்த் தொழிலாளியின் வாயில் நிஜமாகவே குடியேறிய ஜப்பானியச் சொற்கள் ஓனோவின் பட்டியலில் இல்லை. அவை எஸ்டேட் சுவரில் மஞ்சள் பெயிண்டில் இருந்தன. பல்கலைக்கழகம் உறவுமுறையைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் பட்டறை ஒழுங்குமுறையைக் கற்றுக்கொண்டிருந்தது.

மாமா வேலைபார்த்தது அப்படியொரு சின்னப் பட்டறை. தகட்டை டையில் வைத்து பிரெஸ்ஸால் அடித்து வடிவம் எடுக்கும் வேலை. பவர் பிரெஸ்ஸில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டையும் அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் டைக்குள் இருக்க முடியாது; பாதுகாப்பின் தர்க்கம் அவ்வளவு எளிமையானது. உற்பத்தி எண்ணிக்கை கூடவேண்டும் என்ற நெருக்கடி வந்ததும் ஒரு பட்டனில் மரக்குச்சியைச் செருகிவைப்பது வழக்கமாயிற்று. ஒரு கை தகடு வைக்கும், இன்னொரு கை அடிக்கும். மேஸ்திரிக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், தணிக்கைக்கு யாராவது வரும் நாளில் குச்சி காணாமல் போகும். 1999இல் ஒரு இரவு ஷிப்டில் மாமாவின் வலதுகை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நகக்கணு வரைக்கும் போயின. தலைக்கு நேர்மேலே சுவரில் போகா-யோகே என்று எழுதியிருந்தது.

போகா-யோகே என்றால் தவறு நேராமல் தடுக்கும் ஏற்பாடு. ஷிகேயோ ஷிங்கோ இதற்கு முதலில் வைத்த பெயர் பாக்கா-யோகே, அதாவது முட்டாள்-தடுப்பு. ஒரு பெண் தொழிலாளி, நான் முட்டாளா என்று அழுததால் பெயரை மாற்றினாராம். பெயர் மாறியது. யார் கை எங்கே இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடம் மாறவில்லை. மாமாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். “அந்தப் பொம்பளையாச்சும் அழுதா. நாங்க ஃபைவ் எஸ் போட்டியில கப்பு வாங்கினோம்” என்றார்.

இந்தக் கையோடுதான் அவர் பலகை முன்னால் உட்கார்ந்தார்.

சமையல்காரனுக்கு ஜப்பானிய மொழியில் இட்டமாயே என்று பெயர். பலகைக்கு முன்னால் என்று சொல்லுக்குச் சொல் பொருள். இங்கே பலகைக்கு முன்னால் நின்றவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கறுப்பு அங்கி, தலையில் கட்டிய வெள்ளைத் துணி. நாங்கள் உள்ளே நுழைந்ததும் ஜப்பானிய மொழியில் உரக்க வரவேற்றான், எல்லோரும் சேர்ந்து வரவேற்றார்கள். மாமா மகிழ்ந்துபோய் ஸெய்ரி, ஸெய்ட்டோன் என்று ஐந்தையும் ஒப்பித்துக் காட்டினார். பையன் திருதிருவென்று விழித்தான். “எனக்கு ஜப்பானீஸ் தெரியாது அண்ணா. அது ஒண்ணுதான் சொல்லக் கத்துக்குடுத்தாங்க. நான் மணிப்பூர்.” நல்ல தமிழ். நாலு வருஷமாக இங்கே இருக்கிறானாம். கரியடுப்பில் நின்ற பையன் மிசோரம்.

ஆக அந்தப் பலகையைச் சுற்றி இருந்த எல்லோரிலும் ஜப்பானியம் அதிகம் தெரிந்தவர் அம்பத்தூர் பிரெஸ் ஆபரேட்டர்தான்.

இது வெறும் நகைச்சுவை அல்ல. இந்தப் பையனை வேலைக்கு எடுத்தது அவன் கைக்காக மட்டுமல்ல, முகத்துக்காகவும். அந்த முகம் தில்லித் தெருவில் வசவாகும். வாடகை வீடு தேடும்போது தடையாகும். பலகைக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும் ‘அசல்’ ஆகிவிடும். ‘பிராமணாள்’ பலகை செய்ததும் இதுதான்: கைக்கு ஒரு பிறப்பை ஒட்டிவைப்பது. அன்றைக்குக் கை மறைந்திருந்ததால் எழுத்து வேண்டியிருந்தது. இன்றைக்குக் கை தெரிவதால் முகமே எழுத்தாகிவிட்டது. திறந்த அடுக்களை என்று நாம் கொண்டாடுவது, எதைக் காட்டலாம் என்று தேர்ந்தெடுத்த பிறகு திறக்கப்பட்ட அடுக்களை. பாத்திரம் தேய்க்கும் பெண்கள் இந்தக் கடையிலும் பின்கட்டில்தான் இருந்தார்கள். கழிவறைக்குப் போகும் வழியில் பார்த்தேன்.

வந்த சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் பாவம். நிகிரி என்பது விரல்நீளச் சோற்றுப் பிடியின் மேல் ஒரு துண்டு மீன். சோறு நம் பழக்கத்துக்கு விநோதம்: கொஞ்சம் ஒட்டும், வினிகரின் புளிப்பும் சர்க்கரையும் இருக்கும், சூடு உடம்புச் சூடுதான். சால்மன் நார்வேயிலிருந்து வருவது. ஜப்பானியர் சால்மனைப் பச்சையாகச் சாப்பிடும் பழக்கமே பெரிதாக இல்லாதிருந்து, எண்பதுகளின் நடுவில் தன் மீனை விற்க நார்வே செய்த விற்பனை முயற்சியால் வந்தது என்பது தெரிந்தால், ‘அசல்’ என்ற சொல்லை எத்தனை சிட்டிகை உப்போடு சாப்பிடவேண்டும் என்று தெரியும். பச்சை விழுதாக வைத்த வசாபியும் பெரும்பாலும் குதிரைமுள்ளங்கியும் சாயமும்தான். சூப்பு மட்டும் என்னை நிமிர்த்தி உட்காரவைத்தது. இந்த வாசனை எனக்குத் தெரியுமே என்று தோன்றி, எங்கே என்று பிடிபடாமல், நாலாவது வாயில் பிடிபட்டது: மாசி. நம் தென்கோடியிலும் யாழ்ப்பாணத்திலும் சம்பலில் இடிக்கும் அதே மாசிக் கருவாடு. சூரைமீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகக் காய்ந்துபோகும்வரை உலர்த்துவது. மாலத்தீவில் அப்படிச் செய்து பல தேசங்களுக்கு ஏற்றுமதியாவதை 14ஆம் நூற்றாண்டிலேயே இபன் பதூதா எழுதிவைத்திருக்கிறார். ஜப்பானியர் அதே மீனை ஏறக்குறைய அதே வழியில் செய்து கட்ஸுவோபுஷி என்று சீவிப் போட்டுச் சாறு எடுக்கிறார்கள். தமிழுக்கும் ஜப்பானுக்கும் உறவு தேடுகிறவர்கள் அகராதியை விட்டு அம்மிக்கல்லுக்குப் போயிருக்கலாம்.

லெவி-ஸ்ட்ராஸ் வரைந்த சமையல் முக்கோணத்தில் ஒரு முனை பச்சை, ஒரு முனை வெந்தது, மூன்றாவது அழுகியது. சுஷியைப் பற்றிப் பேசும் எல்லோரும் பச்சை முனையிலேயே நின்றுவிடுகிறார்கள். பச்சை மீனைத் தின்பது துணிச்சல், நாகரிகம், புதுமை. ஆனால் சுஷியின் பூர்விகம் மூன்றாவது முனையில் இருக்கிறது. மீனை உப்பிட்டுச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவைத்து, சோற்றைத் தூக்கியெறிந்துவிட்டு மீனைத் தின்பது. தென்கிழக்கு ஆசிய வயல்வெளிகளிலிருந்து போன முறை என்கிறார்கள். இன்று நாம் பார்க்கும் நிகிரி 19ஆம் நூற்றாண்டு எடோ நகரத்தின் தள்ளுவண்டிச் சாப்பாடு. ஹனாயா யோஹெய் என்பவர் பெயர் அதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. புளிக்கக் காத்திருக்க நேரமில்லாத நகரத்து உழைப்பாளிகள் நின்றபடியே கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனது. புளிப்புக்குப் பதில் வினிகர். அதாவது அழுகலின் ஞாபகம்தான் அந்த வினிகர். 1958இல் ஒசாகாவில் ஷிராயிஷி என்பவர் பீர் ஆலையில் பாட்டில்கள் நகர்வதைப் பார்த்து சுஷித் தட்டுகளையும் பெல்ட்டில் ஓடவிட்டார். மாமாவிடம் சொன்னபோது, “லைன்லயே சோறா? வெளங்கிடும்” என்றார்.

மணிப்பூரில் ஙாரி என்று ஒன்று உண்டு. சின்ன மீன்களை உலர்த்தி, மண்பானையில் அடைத்து, மாதக்கணக்கில் நொதிக்கவைப்பது. அதில்லாமல் ஈரோம்பா இல்லை. பையனிடம் கேட்டேன். முகம் மாறிவிட்டது. அம்பத்தூர்ப் பக்கம் ஆறு பேராக ஒரு அறையில் இருக்கிறார்கள். ஒருமுறை ஊரிலிருந்து வந்த ஙாரியை வதக்கினார்களாம். வீட்டுக்காரர் மேலே வந்து, என்னடா செத்துக்கிடக்குது என்று கேட்டு, இனி அடுப்பு மூட்டினால் காலி செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார். “அதான் அண்ணா, ரூம்ல மேகிதான்.”

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. சுஷியின் மூதாதைக்கு இந்தச் சென்னைப் புறநகரில் மிக நெருக்கமான சொந்தம் யார் என்று பார்த்தால், நொதித்த மீனையும் சோற்றையும் தின்று வளர்ந்த இந்தப் பையன்தான். அவன் கையால் பிடித்த நார்வே மீன் கவுரவம்; அவன் அறையில் வதக்கிய சொந்த ஊர் மீன் நாற்றம். பச்சை முனைக்கு ஏசி போட்ட கூடம், அழுகிய முனைக்கு வெளியேற்றும் மிரட்டல். ‘சைவர்களுக்கு மட்டும்’ என்று வாடகைப் பலகை தொங்கவிடும் தெருக்களிலிருந்தே சனிக்கிழமை இரவு காரெடுத்துக்கொண்டு இந்தக் கவுண்டருக்கு வருகிறார்கள். கருவாடு வறுத்ததற்காக வீடு மாறிய குடும்பங்கள் நம்மிடையே எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. எங்கள் குடும்பம் ஒன்று. எதை யார் தின்னலாம் என்பது மீனில் இல்லை; எந்த இடத்தில், யார் முன்னால், என்ன விலைக்கு என்பதில் இருக்கிறது.

கரியடுப்பைப் பற்றி. யாகிடோரி என்பது குச்சியில் கோத்த கோழித்துண்டு. தோல், ஈரல், கல்லீரல்பை, குருத்தெலும்பு எல்லாம் தனித்தனிக் குச்சியில் வரும். உசத்தியான கடைகளில் ஜப்பானின் வாகாயாமா பக்கத்து ஓக் மரத்தில் சுட்ட பின்சோட்டான் கரி போடுவார்களாம். தட்டினால் உலோகம் மாதிரி ஒலிக்கும், புகை வராது. இங்கே என்ன கரி என்று கேட்டேன். “லோக்கல்தான் அண்ணா. கருவேலம்.” ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் மூட்டம்போட்டுச் சுட்டு லாரியில் ஏறும் சீமைக்கருவேலக் கரி. அதைப் பார்த்ததும் எனக்கு மரம் வெட்டும் இடங்கள் ஞாபகம் வந்தன. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரைக் கொத்தடிமைகளாக இருந்தவர்கள் என்று மீட்டார்கள், இருளர் குடும்பங்கள். இந்தக் கடைக் கரிக்கும் அவர்களுக்கும் தொடர்பு என்று நான் சொல்லவில்லை. கரி கையில் ஒட்டுவதைப் போலச் சில செய்திகளும் ஒட்டிக்கொள்கின்றன.

ஜப்பானிலும் இந்தக் குச்சிக்கு ஒரு கீழ்வரலாறு உண்டு. 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி தின்பதைத் தடைசெய்து ஆணையிட்டார். பவுத்தம் பரவப் பரவ, விலங்கை அறுப்பவர்களும் தோலை உரிப்பவர்களும் தனிச் சாதியைப் போல ஒதுக்கப்பட்டார்கள். அந்த ஒதுக்கலைச் சட்டத்தில் நீக்கியது 1871. பேரரசரே மாட்டிறைச்சி தின்றதாகப் பறைசாற்றியது 1872. இறைச்சி ஒரே வருஷத்தில் நாகரிகமாகிவிட்டது, இறைச்சியைத் தொட்டவர்கள் ஆகவில்லை. 1922இல் அவர்கள் சுயிஹெய்ஷா என்ற சமத்துவ இயக்கத்தைக் கட்டவேண்டி வந்தது. நம் ஊரில் இதைப் படிக்கும் யாருக்கும் அடிக்குறிப்பு தேவைப்படாது. ஈரலையும் குடலையும் முதலில் குச்சியில் கோத்து விற்றது நடைபாதைகளில்தான். நம் சேத்துப்பட்டு, பெரம்பூர் ஓரங்களில் சாயங்காலம் வறுபடும் போட்டி, குடல் மாதிரி. அந்தக் கடைக்கு முன்னால் நிற்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடக்கூடாது என்று நினைக்கிறவர்கள் இங்கே ஈரல் குச்சியைப் படமெடுக்கிறார்கள்.

இதையெல்லாம் மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்ததால் பக்கத்தில் நடந்ததைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

முதல் நிகிரியை மாமா குச்சியால் எடுக்கப் பார்த்தார். விரல் இல்லாத கையில் குச்சி நிற்கவில்லை. “கையாலயே சாப்டலாம் அண்ணா. அதுதான் சரி” என்றான் பையன். வாஸ்தவம், நிகிரி தோன்றிய நாளிலிருந்தே கையால் சாப்பிட்டதுதான். மாமாவுக்கு நிம்மதி. ஆனால் எடுக்கும்போது சோறு உடைந்து பலகையில் சிந்தியது. பையன் ஒன்றும் பேசவில்லை, துடைத்தான். அடுத்த துண்டைத் திசைமாற்றி, இடதுகை ஓரமாகச் சாய்த்துவைத்தான். இடதுகைக்காரர்களுக்கு அப்படி வைக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. மாமா அதைப் பார்த்தார். தட்டைத் திருப்பி வலப்பக்கம் வைத்துக்கொண்டு மறுபடி வலதுகையாலேயே எடுத்தார். நம் ஆளை இடதுகையால் சோறு தின்னவைக்க எந்த இட்டமாயேயாலும் முடியாது. மறுபடி உடைந்தது. மூன்றாவதைப் பையன் சின்னதாகப் பிடித்தான். கொஞ்சம் கூடுதலாக அழுத்தி, மீனைக் குறுகலாகச் சீவி, கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் அடங்குகிற அளவு. உடையவில்லை. அதற்கப்புறம் மாமாவுக்கு வந்த ஒன்பதும் அந்த அளவில்தான் வந்தன. எனக்கு வந்தவை பழைய அளவிலேயே.

பலகைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே பார்த் அவ்வளவும் எழுதினார். நானும் அங்கிருந்தேதான் இதுவரை எழுதினேன். அந்தப் பக்கம் நிற்பவனுக்கு எட்டு ஜோடிக் கைகள் வரிசையாகத் தெரிகின்றன என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பின்கட்டில் நிற்கும் சரக்கு மாஸ்டருக்கு இது வாய்க்காது. தின்கிறவனின் கையை அவர் பார்த்ததே இல்லை. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைக்காரர் பார்த்தார். எந்தக் குவளை என்று முடிவெடுப்பதற்காகப் பார்த்தார். வேறு காரணத்துக்காகவும் ஒரு கையைப் பார்க்கலாம் என்பதற்கு நான் வாசித்த கோட்பாட்டில் சொல் இல்லை. இதை வைத்து அந்தக் கடையை மன்னித்துவிட நான் தயாரில்லை. இருவருக்கும் பில் நாலாயிரத்துச் சொச்சம். அதில் பிடித்த கைக்கு எவ்வளவு போகும் என்று அவனிடமே கேட்டேன். சிரித்தான்.

“மெஷினா அண்ணா?” என்று மாமாவைக் கேட்டான்.

“பிரெஸ்ஸுப்பா. உனக்குத் தெரியாது.”

“தெரியும். முதல்ல ஒரகடத்துல கான்ட்ராக்ட்ல இருந்தேன். எட்டு மாசம். பயந்து இங்க வந்துட்டேன்.”

மாமா கொஞ்ச நேரம் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து விரலும் இருக்கிறதா என்று எண்ணுகிற மாதிரி. பிறகு, ஊருக்கு எப்போது போவாய் என்று கேட்டார். 2023 மே மாதத்துக்குப் பிறகு ஊர்ப்பக்கம் போகவில்லை, வீடு இருந்த தெருவில் இப்போது யாரும் இல்லை என்றான். சொல்லிக்கொண்டே கையை நனைத்து, அடுத்த பிடிச் சோற்றை எடுத்தான்.